சாஹித்தின் பாதி

சலேஹா அக்காவுக்குத் தன் கண்ணாடி எங்கே இருக்கிறதென்று ஒருநாளும் தெரிந்ததில்லை. அரிசி டின்னின் மேல் இருக்கும், குளியலறையில் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும், ஒருமுறை குளிர்பெட்டியில் முட்டைகளுக்கு நடுவில் இருந்தது. பல சமயம் தலையிலேயே ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவார். அந்த நேரம் பார்த்து நான் போனால் என்னையும் தேட விடுவார். தலையைத் தொட்டுப் பாருங்கள் என்று நான் எரிந்து விழுவேன். எங்கள் பழக்கம் முற்றியது இப்படித்தான்.

நான் ஜெகதீஸ்வரி. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் அக்காவின் பக்கத்து வீடு. பாலத்துக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எனக்கு வாய் நீளம் என்பது எங்கள் மாடி முழுக்கத் தெரியும். லிஃப்டில் குப்பைப் பையை விட்டுவிட்டுப் போகிறவர்கள் என் கதவைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். அக்கா எனக்கு நேர்மாறு. நிபோங் திபாலில் பிறந்து, சின்ன வயதிலேயே நாகூர் மீரான் அண்ணனைக் கட்டிக்கொண்டு பினாங்குத் தீவுக்கு வந்தவர். அண்ணன் பட்டணத்தில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் கறி சமைப்பவர். விடிவதற்கு முன்பே கிளம்பிப் போய்விடுவார். அக்கா வீட்டில் கறித்தூள் தயாரித்து விற்பார். மீனுக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று, குருமாவுக்கு ஒன்று. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவருக்கும் சேர்த்து நான் கத்திக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வீட்டுக் கூடத்து மூலையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. பழைய பெட்டி. அக்காவின் மகன் சாஹித் வாங்கிப் போட்டது. அவனும் பிறையில்தான் டெக்னீஷியனாக இருந்தான். என்னைப் பார்த்தால், "ஆன்ட்டி, இன்னிக்கு யாருக்குப் பூசை?" என்று கேட்டுவிட்டுத்தான் போவான். அந்த ஒரே பெட்டிக்குள் அவன் இரண்டு வீடு கட்டி வைத்திருந்தான். ஒரு பாதி அக்காவுக்கு. அதில் விண்டோஸ் இருந்தது. கறித்தூள் பாக்கெட்டில் ஒட்டுகிற லேபலை அக்கா அதில்தான் அச்சடிப்பார். மறு பாதி அவனுக்கு. அதில் லினக்ஸ் என்று வேறொன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்தான் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பார்த்தபோதெல்லாம் எழுத்தாக ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டியின் பொத்தானைத் தட்டியதும் முதலில் ஒரு கறுப்புத் திரை வரும். யாருடைய பாதிக்குள் போக வேண்டும் என்று கேட்கிற திரை அது. அதில் இரண்டு வரி இருக்கும். வேண்டிய வரிக்கு நகர்ந்து என்டர் தட்ட வேண்டும். ஆரம்பத்தில் அதற்குப் பத்து விநாடிதான் பொறுமை. அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் அது தானாகவே சாஹித்தின் பாதிக்குள் நுழைந்துவிடும். திரும்பவும் உன்னுடையதுக்குள் போய்விட்டது என்று அக்கா அவனைக் கூப்பிடுவார். அவன் சாப்பாட்டுக் கையோடு எழுந்து வந்து, முழங்கையால் பொத்தானைத் தட்டிவிட்டுப் போவான். இது தினமும் நடக்கும்.

ஒருநாள் அவன் உட்கார்ந்து அந்தத் திரையை மாற்றி எழுதினான். நேரக் கணக்கையே எடுத்துவிட்டான். இனி அக்கா வந்து தட்டும் வரை அது அப்படியே நிற்கும். வரிகளையும் மாற்றினான். முதல் வரியில் அவன் பெயர். இரண்டாவது வரியில் "உம்மா இங்கே. கண்ணாடி போட்டுட்டுத் தட்டுங்க" என்று எழுதியிருந்தான். தமிழ் எழுத்தில்தான் முதலில் எழுதிப் பார்த்தானாம். அந்தத் திரையில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக விழுந்ததாம். அதனால் ஆங்கில எழுத்தை வைத்துத் தமிழாகவே எழுதிவிட்டான். அதைப் பார்த்து அக்கா சிரித்த சிரிப்பு என் வீட்டுக்குக் கேட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் என்னிடம் காட்டினார். பெற்றவளைக் கிண்டல் பண்ணுகிறானே என்று குறைபட்டுக்கொண்டே, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார்.

அந்தப் பிள்ளை போன வருஷம் மழைக்காலத்தில் போய்விட்டான். காலை ஷிஃப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது, பாலத்தில். இதற்கு மேல் அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அவனை அடக்கம் செய்து சில நாள் கழித்து, ஒரு காலை தோசை மாவு கொடுக்கப் போனேன். அக்கா தொழுது முடித்து, தொழுகை உடையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கறித்தூள் வேலையை அப்போது அவர் தொடவே இல்லை, லேபலுக்கு அவசியமே கிடையாது. திரையைப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது. அதில் அந்த இரண்டு வரி. அக்கா கண்ணாடி போட்டிருக்கவில்லை. அந்த வரியைப் படிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டியதில்லை, மனப்பாடம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எதையும் தட்டாமல் பொத்தானை அமுக்கி அணைத்துவிட்டார். நான் மாவை அடுப்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

தினமும் காலையில் இதுதான் நடந்தது. எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த நேரத்தில் அண்ணன் கடையில் இருப்பார், மகள் ஃபாத்தின், பாயான் லெப்பாஸ் என்ற ஊரில் தன் புருஷன் வீட்டில் இருப்பாள். உலகத்தில் வேறு எங்கேயும் அந்தப் பிள்ளை அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. அங்கே மட்டும் கூப்பிட்டான். கண்ணாடியைத் தேடி எடுத்து வரும் வரை காத்துக்கொண்டும் நின்றான்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி, வந்தவர்களுக்குச் சோறு போட்டு அனுப்பிய பிறகு, அண்ணன் வீட்டாரை உட்கார வைத்துப் பேசினார். மவுத்தானவனின் பொருளை வீட்டில் தேக்கி வைக்கக் கூடாது, கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டால் அந்த நன்மை அவனைப் போய்ச் சேரும் என்றார். அவர்கள் வழக்கம் அது. நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். சட்டைகள் மதரஸாவுக்குப் போயின. பெருநாளுக்கு எடுத்து ஒரே தடவை போட்டிருந்த பாஜு மெலாயு உடுப்பு அண்ணன் வேலை செய்கிற கடைப் பையன் ஒருவனுக்குப் போனது. சப்பாத்து, கைப்பை, கைக்கடிகாரம் எல்லாம் போயின. ஒவ்வொன்றையும் அக்காவே மடித்துக் கொடுத்தார். அழவில்லை. அழுதால் நன்மை குறைந்துவிடுமோ என்று பயந்தாரோ என்னவோ.

ஃபாத்தினின் புருஷன் இக்மல் தங்கமான பையன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வருவதைப் படித்தால் அவன் மேல் உங்களுக்குக் கோபம் வரும். எல்லாப் பொருளும் போய்ச் சேர்ந்த பிறகு, அவன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். சாஹித்துக்கு உரியது இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது, பெட்டிக்குள் அவன் பாதி, அதையும் மாமிக்கே கொடுத்துவிடலாம் என்பது அவன் எண்ணம். அந்தப் பாதியில் இருந்த படங்களையெல்லாம் முதலில் பத்திரமாக வெளியே எடுத்தான். பிறகு பாதியைச் சுத்தமாகத் துடைத்தான். துடைத்த இடத்தில், சொந்தக்காரர்கள் ஒவ்வொருவர் ஃபோனிலிருந்தும் கேட்டு வாங்கிய சாஹித்தின் படங்களை நிரப்பினான். சின்ன வயதுப் படம், பள்ளிக்கூடப் படம், ஃபாத்தின் கல்யாணத்தில் அவன் தட்டு ஏந்தி நின்ற படம். இனி முழுப் பெட்டியும் மாமிக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனான். பொறுப்பான பிள்ளை என்று நான்கூட மெச்சினேன்.

மறுநாள் காலை என் கதவைத் தட்டினார் அக்கா. தலையில் முக்காடு இல்லாமல் அவர் வாசலுக்கு வந்து நான் பார்த்ததே இல்லை.

"ஜெகா, அவனைக் காணோம்," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். திரை கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு வரியையும் காணவில்லை. ஏதோ ஒரு பாகம் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே புரியாத இரண்டு வார்த்தை, பக்கத்தில் ஒரு கோடு மினுக் மினுக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அணைத்துப் போட்டோம். அதேதான் வந்தது. வயரைப் பிடுங்கிச் சொருகினோம். அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை இக்மல் வந்தான். ஃபோனைக் கறித்தூள் டின்னில் சாய்த்து வைத்து, வீடியோவில் ஒருவன் சொல்லச் சொல்லச் செய்து பார்த்தான். பெட்டி எழும்போதே ஒரு விசையைத் தட்டிக்கொண்டிருந்தால் ஒரு நீலத் திரை வந்தது. அதில் எதையெதையோ மேலும் கீழும் மாற்றினான், பலிக்கவில்லை. வீட்டுக்குப் போய் ஃபாத்தினின் மடிக்கணினியில் ஒரு பென்டிரைவைத் தயார் செய்துகொண்டு வந்தான். அதைச் சொருகி நீளமான கட்டளைகளை அடித்தான். ஒன்றில் எழுத்து பிசகியது, மறுபடி முதலிலிருந்து. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தேத்தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் கறுப்புத் திரை ஒரு கணம் வந்து மறைந்து, விண்டோஸ் பளிச்சென்று திறந்தது. பையன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"மாமி, இனிமே அது ஒரு கேள்வியும் கேக்காது. நேரா உங்களோடதுக்குள்ள போயிரும்," என்றான்.

"நேராவா?" என்று கேட்டார் அக்கா.

"நேரா, மாமி. நிக்கவே நிக்காது."

அக்கா தலையை ஆட்டினார். அவனை உட்கார வைத்துச் சோறு போட்டார், மீனில் நடுத்துண்டாக எடுத்து வைத்தார். நான் அடுப்படியில் நின்று அக்கா முகத்தைப் பார்த்தேன். சாஹித்தை அடக்கம் செய்ய மையவாடிக்குத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அவர் முகம் அப்படி இருக்கவில்லை. அன்றைக்கு அழவாவது செய்தார்.

திங்கட்கிழமை காலை பெட்டியைப் பழைய தொழுகை உடையில் சுற்றிக்கொண்டு வந்து, பட்டணத்துக்குத் துணைக்கு வருகிறாயா என்று கேட்டார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றேன், கொடுக்கவில்லை. என் தங்கச்சி மகன் சொல்லி எனக்குத் தெரிந்த கடை ஒன்று, ஒரு பழைய பேரங்காடியின் மேல்தளத்தில் இருந்தது. யுகேந்திரன் என்ற தம்பி நடத்துகிற கடை. அவன் பெட்டியைப் போட்டுப் பார்த்தான். ஒரு கோளாறும் இல்லையே ஆன்ட்டி, நல்லாத்தானே ஓடுகிறது என்றான்.

அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு வரி இருந்தது, அதைக் காணவில்லை என்றார். எந்தக் கோப்பு என்று கேட்டான். கோப்பு இல்லை, முதலில் வருகிற வரி என்றார். நான் குறுக்கே புகுந்து எல்லாவற்றையும் சொன்னேன். சாஹித்தைச் சொன்னேன், பாலத்தைச் சொன்னேன், கண்ணாடியைச் சொன்னேன், மருமகன் துடைத்ததையும் சொன்னேன். அந்தத் தம்பி கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டான்.

பிறகு மெதுவாக விளக்கினான். அந்த வரி அக்காவின் பாதியில் இருக்கவில்லை. இரண்டு பாதிக்கும் வாசல் சாஹித்தின் பாதியில்தான் இருந்தது. அக்கா இத்தனை நாளும் அவனுடைய வாசலில் ஏறி, அங்கே பெயரைப் பார்த்துவிட்டுத்தான் தன்னுடைய பாதிக்குப் போய்க்கொண்டிருந்தார். அவன் பங்கைத் துடைத்தபோது வாசலும் அதோடு போய்விட்டது. மருமகன் தெரிந்து செய்திருக்க மாட்டார், பார்த்தால் அம்மாவுக்கு எழுதிய வரி அம்மாவிடம்தானே இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும் என்றான்.

தேட முடியுமா என்று கேட்டார் அக்கா. முயற்சி செய்கிறேன், சாயங்காலம் வாருங்கள் என்றான். அந்த வரியைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டான். நாங்கள் கீழே ஒரு கடையில் உட்கார்ந்திருந்தோம். அக்கா ஒரு வாய் சாப்பிடவில்லை. கிடைத்துவிடும் என்று நானே என் வாயால் சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

திரும்பிப் போனபோது அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வரியில் இருந்த ஒவ்வொரு வார்த்தையையும் வைத்துப் பெட்டியின் நினைவகம் முழுக்கத் தேடியிருக்கிறான். "அந்த இடத்துல இப்ப படங்க ஏறிருச்சு ஆன்ட்டி. அடியில ஒன்னும் இல்ல," என்றான். சாஹித்தின் படங்கள்தான். அவனுக்கு இடம் வேண்டும் என்று அவனுடைய எழுத்தின் மேலேயே அவனை உட்கார வைத்திருக்கிறோம்.

அதே மாதிரித் திரையைத் தன்னால் செய்து தர முடியும் என்றான் யுகேந்திரன். கறுப்புத் திரை, இரண்டு வரி, தட்டும் வரை நிற்பது, எல்லாம் அச்சு அசலாக. அக்கா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. செய்யுங்கள் தம்பி என்று நான்தான் முந்திக்கொண்டேன். அரைமணி நேரத்தில் செய்துவிட்டான். பொத்தானைத் தட்டினான். கறுப்புத் திரை வந்தது. மேலே சாஹித் என்ற பெயர். கீழே, உம்மா இங்கே, கண்ணாடி போட்டுட்டுத் தட்டுங்க. அவன் எழுதி வைத்திருந்த மாதிரி அப்படியே இருந்தது.

அக்கா திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். முக்காட்டு நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இது நான் சொல்லி நீங்க எழுதுனது தம்பி. அவன் எனக்குச் சொன்னது இல்ல," என்றார். "எடுத்துருங்க."

அந்தத் தம்பி எடுத்துவிட்டான்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டேன். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக இக்மலைக் கூப்பிட்டு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கப் போகிறேன் என்றேன். ஒரு வார்த்தை மாமியைக் கேட்டுவிட்டுத் துடைத்தால் என்ன, கை இற்றா போய்விடும், வீடியோ பார்த்து வைத்தியம் பார்க்க இவன் யார் என்று பொரிந்து தள்ளினேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் உரக்கப் பேசினேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை அடக்கியதே இல்லை.

"அந்தப் பிள்ளைக்குத் தெரியவே கூடாது ஜெகா. தெரிஞ்சா காலம் பூரா நெஞ்சுல வச்சிக்கிட்டுத் திரிவான். எனக்கு இப்ப இருக்கிற ஆம்பளப் பிள்ள அவன் ஒருத்தன்தான்."



அடுத்த ஞாயிற்றுக்கிழமை இக்மல் வந்தான். வந்ததும் வராததுமாகக் கம்ப்யூட்டர் எப்படி இருக்கிறது, ஏதும் தொல்லை கொடுக்கிறதா என்று கேட்டான். "ஓகே லா, நல்லா வேகமா இருக்கு," என்றார் அக்கா. அவன் முகம் மலர்ந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, நீங்களும் ஒன்று வாங்கினால் சொல்லுங்கள் ஆன்ட்டி, நான் வந்து சரிபண்ணித் தருகிறேன் என்றான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, சரிப்பா என்றேன். அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இக்மல் மலாய்ப் பள்ளியில் படித்தவன். தமிழ் பேசுவான், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை இப்போது எழுதுகிறேன்.

அக்கா மறுபடி கறித்தூள் வேலையைத் தொடங்கிவிட்டார். போன வாரம் காலையில் மாவு கொடுக்கப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார், பெட்டியை இன்னும் போடவில்லை. மூக்கின் மேல் கண்ணாடி இருந்தது. அதற்கு ஒரு கறுப்புக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, என்னக்கா அதிசயமாக இருக்கிறது, தேடாமலே கிடைத்துவிட்டதா என்று கேட்டுத் தொலைத்தேன்.

"முன்ன மாதிரி அது எனக்காக நிக்காதுல்ல, ஜெகா," என்றார்.

கயிற்றைச் சரிசெய்துகொண்டு பொத்தானைத் தட்டினார். பெட்டி எங்கேயும் நிற்காமல் நேராகத் திறந்தது. மீன் கறித்தூளுக்கு லேபல் அச்சடிக்க வேண்டியிருந்தது.